யானை கொடுத்த மண்

ஈச்சந்திட்டின் கரையில் ஒரு பெண் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் தாழி. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி, தரையில் சிறு குழி பறித்து, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. எதைக் கண்டாலும் கத்துவதால் அதற்கு அலறி என்று பட்டப்பெயர்.

"தாழியக்கா! நேற்று தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இருந்தது. இன்று கல்லையே காணோம்!" என்று கத்தியது அலறி.

"நானும் பார்த்தேன்."

"முட்டை பொரிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் கோடை மழை வந்துவிட்டால்?"

"வந்தால் உன் முட்டை மிதக்கும். அடுத்த மழைக்குத் திட்டே இருக்காது."

"இப்படியா அக்கா ஆறுதல் சொல்வது!"

"ஆறுதல் சொல்லத்தான் கொக்கு இருக்கிறதே! மத்தியானம் வரும். ஆசை தீரக் கேட்டுக்கொள்."

அந்த ஏரிக்கு இப்போது ஆனைக்குளி ஏரி என்று பெயர். அது யானைகள் வைத்த பெயர். அதற்கு முன்பு அதன் பெயர் ஏழுதிட்டு ஏரி. நீருக்கு நடுவே ஏழு மண்திட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மரமோ நாணலோ பாறையோ, எது அதிகமோ அதன் பெயரே திட்டுக்கும். யார் எந்தத் திட்டில் பிறந்தாலும் எந்தத் திட்டிலும் தூங்கலாம். ஏரிக்கு எஜமான் என்று யாரும் கிடையாது. தாகம் எடுத்தவருக்குத் தண்ணீர் இருந்தது. களைத்துப்போனவருக்குக் கரை இருந்தது.

ஏரியின் கிழக்கு மூலையில் ஒரு கலிங்கு உண்டு. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாய் அது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏழு திட்டுகளின் உயிர்களும் அந்தக் கலிங்கில் கூடும். நண்டுகள் வண்டலைக் கிளறும். நீர்நாய்கள் வேர்களைக் கடித்து அறுக்கும். ஆமைகள் சேற்றை வயிற்றால் தள்ளிக்கொண்டு போகும். தவளைகள் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து பாடும். "நீங்கள் ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டால், "பாட்டு நின்றால் உங்கள் வேலையும் நின்றுவிடும், பார்க்கிறீர்களா?" என்று கேட்கும். ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்கள். வேலை நின்றுதான் போயிற்று! அதற்குப் பிறகு யாரும் தவளைகளைக் கேட்கவில்லை.

அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இன்றைய ஏரி ஏரியாகத் தெரியாது.

தாழி பிறந்தது ஈச்சந்திட்டில் அல்ல. நாவல்திட்டில். ஆனி மாதத்தில் அங்கே பழம் உதிரும்போது கரையோரத் தண்ணீர் ஊதா நிறமாகிவிடும். மீன்களின் வாய் ஊதா. கொக்குகளின் மூக்கு ஊதா. ஆமைக் குஞ்சுகள் ஊதாத் தண்ணீரில் முங்கி எழுந்து, "நான் வேறு ஆமை!" என்று ஒன்றையொன்று ஏமாற்றும். அந்த மண்ணுக்குக்கூட ஒரு துவர்ப்பு வாடை இருந்தது. தாழி அந்த வாடையைச் சுவாசித்து ஆறு வருடம் ஆயிற்று. நாவல்திட்டு தண்ணீருக்குள் போய் ஆறு வருடம்.

திட்டு தானாக மூழ்கவில்லை. மூழ்கடித்தார்கள்.

மேற்குக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஒன்று குளிக்க வந்தது. அதன் தலைவன் பெருங்கோடன். "தண்ணீர் முழங்கால் அளவுதானே இருக்கிறது! முதுகு நனைய வேண்டாமா?" என்றது. கலிங்கில் ஒரு பாறையை உருட்டி வைத்தது. "ஒரு கோடைக்கு மட்டும்" என்றது. அடுத்த கோடையில் இன்னொரு பாறை வந்தது. அதற்கடுத்த கோடையில் மூன்று. தண்ணீர் சாண் சாணாக ஏறியது. தாழ்ந்த திட்டுகளான நாவலும் புன்னையும் தாழையும் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. முதல் பாறையை மறித்துக் கலிங்கில் படுத்த ஆமைகளில் தாழியும் ஒன்று. யானை நின்று யோசிக்கவில்லை. தாழியின் ஓட்டில் இருக்கும் நீண்ட விரிசல் அன்று விழுந்ததுதான்.

கேட்க ஒரு சபை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஏரிக்கரைப் பாறையில் அது கூடும். கரையில் வாழும் யானை, பன்றி, மான், குரங்கு ஆகிய நான்கு கூட்டங்களுக்கு நான்கு குரல். திட்டுக்கு ஒரு குரலாக ஏழு திட்டுகளுக்கு ஏழு குரல். குரல் கொடுக்க ஒரு வழக்கம் உண்டு. தன் இடத்து மண்ணில் ஒரு பிடியைக் கொண்டுவந்து பாறைமேல் வைக்க வேண்டும். அது வெயில் கண்ட மண்ணாக இருக்க வேண்டும். அந்த மண்ணைக் கொண்டுவந்தவருக்கே குரல்.

மூழ்கிய திட்டின் மண் வெயில் காணுமா? காணாது. ஆகவே மூன்று திட்டுகளின் குரல் போயிற்று. மீதி நான்கு. கரையிலும் நான்கு. இரண்டு பக்கமும் சமமானால் இருப்பது அப்படியே இருக்கும் என்பது சபையின் சட்டம். யானை எவ்வளவு நன்றாக யோசித்துக் குளித்திருக்கிறது, பாருங்கள்!

மத்தியானம் சொன்னபடியே கொக்கு வந்தது. அது உண்ணிக்கொக்கு. பெயர் பால்வண்ணன். யானையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்று வாழ்வது. யானைக்காகப் பேசுவதும் அதுதான். அது யானைத் தலைவனின் முதுகில் நின்றபடி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஈச்சந்திட்டு மக்களே! மகிழ்ச்சியான செய்தி! உங்கள் கரை கரைகிறது என்று கேட்டு யானையார் கண்ணீர் விட்டார். இதோ, உங்கள் திட்டை உயர்த்த இருபது தும்பிக்கை மண்! முழுக்க முழுக்க இலவசம்!"

ஈச்சந்திட்டின் தலைவர் செம்பொட்டன் என்ற தாழைக்கோழி. நெற்றியில் சிவந்த பொட்டு இருப்பதால் தானே தலைவன் என்று முடிவு செய்துகொண்ட பறவை. அது முந்தின நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. யானை மிதித்து ஏறும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும் என்று கரையோரக் கோரைப்புல்லை எல்லாம் வேரோடு பிடுங்கிப் பரப்ப வைத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் இதே வரவேற்புதான். கரையைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்தான் என்று தாழி தொண்டை வறளச் சொல்லியும் கேட்கவில்லை.

"வருக! வருக! மலையே வருக!" என்று செம்பொட்டன் குதித்தது.

பெருங்கோடன் தும்பிக்கையால் மண்ணை வீசியது. ஈரமான கறுப்பு மண் கரையெங்கும் குவிந்தது.

"எல்லோரும் நன்றி சொல்லுங்கள்!" என்றது பால்வண்ணன். "இன்னும் உரக்க! யானையார் காது பெரியதுதான். ஆனால் நன்றி என்றால் அவருக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்."

திட்டு முழுவதும் நன்றி சொன்னது. அலறியும் பயத்தில் சொன்னது. தாழி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அந்த விரிசல் விழுந்த கிழட்டு ஓடு ஏன் சும்மா இருக்கிறது?" என்று கேட்டது கொக்கு.

"அது வந்தேறி ஐயா! வேறு திட்டிலிருந்து வந்தது. மரியாதை தெரியாது" என்று தலை குனிந்தது செம்பொட்டன்.

யானை போனது. மண்ணைப் பரப்ப எல்லோரும் இறங்கினார்கள். தாழியும் வயிற்றால் தள்ளியது. தள்ளியவுடன் நின்றுவிட்டது. கழுத்தை நீட்டி முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது.

"என்ன அக்கா? செத்த மீனா?" என்று கேட்டது அலறி.

தாழி காலால் மெல்லக் கிளறியது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கொட்டை உருண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பத்து இருபது. நாவல் கொட்டைகள்! ஆறு வருடம் நீருக்கடியில் கிடந்து கறுத்துப்போன கொட்டைகள்.

"அலறி, இது என் வீடு" என்றது தாழி.

"என்ன உளறுகிறாய்?"

"யானை இதைக் கரையிலிருந்து கொண்டுவரவில்லை. மூழ்கிய நாவல்திட்டைத் தோண்டி எடுத்து வந்திருக்கிறது. இந்த மண்ணில்தான் நான் முட்டையை உடைத்து வெளியே வந்தேன். இதோ, இந்த வாடை. கண்ணை மூடினால் பழம் உதிரும் சத்தம்கூடக் கேட்கிறது."

அது அந்தக் குவியலின்மேல் ஏறி நெடுநேரம் அப்படியே கிடந்தது. அலறி, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, வாயை மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தாழி தலைவரிடம் போனது.

"தலைவரே! மூழ்கடித்தவனே மூழ்கிய மண்ணைத் தோண்டி உங்களுக்குத் தானம் செய்கிறான். நாளைக்கு ஈச்சந்திட்டு மூழ்கினால், அதைத் தோண்டி அடுத்த திட்டுக்குக் கொடுப்பான். அதற்கும் ஒருவர் குதிப்பார். நாளை சபையில் கலிங்கைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள்!"

செம்பொட்டன் சிரித்தது.

"தாழி, நீ உணர்ச்சிவசப்படுகிறாய். எண்ணிப் பார். நான் உங்கள் பக்கம் வந்தால் என்ன ஆகும்? நான்குக்கு நான்கு. சமம். பாறை அங்கேயே இருக்கும். ஜெயிக்க முடியாத சண்டை எதற்கு? யானை பக்கம் பேசினால் மண்ணாவது வருகிறது!"

"நீங்கள் பேசாவிட்டாலும் பாறை இருக்கும் என்றால், யானைக்கு உங்கள் குரல் எதற்கு?"

"எதற்கு?"

"குரல் தேவையில்லை. நன்றிதான் தேவை. மூழ்குகிறவனே நன்றி சொன்னால், மூழ்கடித்தவனை யார் கேள்வி கேட்பார்கள்?"

செம்பொட்டனுக்குப் பொட்டு மேலும் சிவந்தது. "படித்த பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம்! உனக்குத் திட்டும் இல்லை, குரலும் இல்லை. போய் வெயில் காய்!"

தாழி திரும்பி நடந்தது. குவியலின்மேல் ஏறிப் படுத்தது. மண்ணின் மேற்பரப்பு காய்ந்து வெளுத்திருந்தது. ஆமைக்குச் சட்டென்று ஏதோ தோன்றியது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, உள்ளேயே சிரித்தது.

"ஓட்டுக்குள்ளிருந்து என்ன சத்தம் அக்கா? விக்கலா?" என்று கேட்டது அலறி.

"நாளை நீயும் சபைக்கு வா. முட்டைமேல் உன் வீட்டுக்காரன் உட்காரட்டும்."

மறுநாள் சபை கூடியது. சபைக்குத் தலைமை ஓர் உடும்பு. ஏரிக்கரைப் பொந்தில் வாழ்வது. யாருக்கும் நண்பன் இல்லை, யாருக்கும் பகையும் இல்லை. சட்டத்தைப் பிடித்தால் விடாது. கொண்டுவந்த மண்ணை நாக்கை நீட்டிச் சோதிப்பது அதன் வேலை.

"கேள்வி ஒன்றுதான்" என்றது உடும்பு. "கலிங்கில் உள்ள பாறைகளை எடுப்பதா, வேண்டாமா?"

யானை மண் வைத்தது. "வேண்டாம்!" பன்றி, மான், குரங்கு மூன்றும் யானையைப் பார்த்துக்கொண்டே மண் வைத்தன. "வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!"

நாணல்திட்டின் நீர்நாய் மண் வைத்தது. "எடுக்க வேண்டும்!" நொச்சித்திட்டின் நண்டும் பாறைத்திட்டின் தவளையும் அதையே சொல்லின.

"அடுத்து ஈச்சந்திட்டு" என்றது உடும்பு.

"அதற்கு முன்னால் நாவல்திட்டு!" என்றது ஒரு குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாழி வந்தது. ஓட்டின்மேல் சுமந்துவந்த மண்கட்டியைப் பாறைமேல் சரித்து வைத்தது.

குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. "செத்த திட்டுக்குக் குரலா! அடுத்து செத்த குரங்குக்கும் குரல் கேட்போம்!"

உடும்பு சிரிக்கவில்லை. நாக்கை நீட்டிச் சோதித்தது. "நாவல் துவர்ப்பு. நன்றாகக் காய்ந்த மண்" என்றது.

"சூழ்ச்சி!" என்று கத்தியது பால்வண்ணன். "நாவல்திட்டு தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதன் மண் எப்படிக் காயும்? இது யானையார் தம் காட்டிலிருந்து கொண்டுவந்து ஈச்சந்திட்டுக்குக் கொடுத்த மண்!"

"உங்கள் காட்டில் நீர்நத்தை ஓடு கிடைக்குமா, கொக்கய்யா?" என்று கேட்டது தாழி. "இதோ பாருங்கள், மண்ணுக்குள் எத்தனை ஓடு!"

"கிடைக்கும்! ஏராளமாகக் கிடைக்கும்!"

"அப்படியானால் யானையார் அதிகம் கஷ்டப்படவில்லை. காட்டோரத்தில் எட்டி இரண்டு பிடி அள்ளிவிட்டார். அதற்குத்தானா இவ்வளவு நன்றி!"

பெருங்கோடனின் காதுகள் விறைத்தன. யானையின் பலத்தைக் குறைத்துப் பேசினால் அதற்குப் பொறுக்காது.

"யார் சொன்னது காட்டோரம் என்று? ஏரியின் நடுவே, மூச்சடக்கி முங்கி, நாவல்திட்டின் உச்சியையே பெயர்த்து எடுத்தேன்! அந்த ஆழத்தில் வேறு யாரால் முடியும்? சொல்லுங்கள்!"

 கொக்கு தன் இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

"யாராலும் முடியாது யானையாரே" என்றது தாழி. "உடும்பாரே, சட்டம் என்ன சொல்கிறது? வெயில் கண்ட மண் என்கிறது. அந்த மண் எங்கே கிடந்து வெயில் காண வேண்டும் என்று சொல்கிறதா?"

உடும்பு யோசித்தது. "சொல்லவில்லை" என்றது. "நாவல்திட்டுக்குக் குரல் உண்டு."

"எடுக்க வேண்டும்!" என்றது தாழி. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த குரல் அது. கொஞ்சம் கரகரத்தது.

"நான்குக்கு நான்கு. இனி ஈச்சந்திட்டு" என்றது உடும்பு.

எல்லோரும் செம்பொட்டனைப் பார்த்தார்கள். முதல் முறையாக அதன் குரலுக்கு மதிப்பு வந்திருந்தது. அதுவோ யானையைப் பார்த்தது. "இருநூறு தும்பிக்கை மண்" என்று கொக்கு அதன் காதில் முணுமுணுத்தது. செம்பொட்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தது. அலகிலிருந்த மண்ணைப் பாறைமேல் வைத்தது. "ஈச்சந்திட்டின் சார்பில்..."

"நில்!" என்றது உடும்பு. நாக்கை நீட்டியது. முகம் சுளித்தது. "இதுவும் நாவல்திட்டு மண். உன் திட்டின் மண் எங்கே?"

செம்பொட்டன் விழித்தது. குனிந்து எடுக்க எளிதாக இருக்கிறதே என்று யானை கொட்டிய குவியலிலிருந்தே எடுத்து வந்திருந்தது! "இதோ வருகிறேன்" என்று பறந்தது. திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. நடுத்திட்டு முழுக்க ஈச்சமர நிழல்; அங்கே வெயில் கண்ட மண் இல்லை. கரையோரம் எங்கும் சொந்த மண் இல்லை. கோரை பிடுங்கிய இடமெல்லாம் அலை கரைத்துக்கொண்டு போயிருந்தது. மீதியை யானை கொடுத்த மண் மூடியிருந்தது. அது வெறும் அலகோடு திரும்பி வந்தது.

"ஈச்சந்திட்டுக்குக் குரல் இல்லை!" என்று துள்ளியது கொக்கு. "சமம்! இருப்பது இருக்கட்டும்! சபையை முடியுங்கள்!"

"சூரியன் மறையும்வரை சபை முடியாது" என்றது உடும்பு. "ஈச்சந்திட்டில் வாழும் யார் அந்த மண்ணைக் கொண்டுவந்தாலும் அவருக்கே குரல்."

தாழி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "அலறி! ஒரே ஓர் இடம் மிச்சமிருக்கிறது. உனக்குத் தெரியும்."

அலறிக்குப் புரிந்தது. விர்ரென்று பறந்தது.

கூட்டில் அதன் கணவன் முட்டைகளை மூடி உட்கார்ந்திருந்தது.

"எழுந்திரு!"

"எதற்கு?"

"முட்டைக்கு அடியில் உள்ள மண் வேண்டும்!"

"உனக்குப் பைத்தியமா? இந்த வெயிலில் நான் எழுந்தால் முட்டை வெந்துபோகும்!"

"நீ எழாவிட்டால் மழையில் மூழ்கிப்போகும்! வேகுமா மூழ்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இரண்டும் நடக்கும். எழுந்திரு என்கிறேன்!"

அது எழுந்தது. எழாமல் அந்தக் கத்தலைத் தாங்க முடியாது. அலறி முட்டைகளை அலகால் மெல்ல ஒதுக்கி, குழியின் அடியைக் கொத்தியது. குழி பறித்த நாளில் வெயிலில் காய்ந்த பழுப்பு மண். காய்ந்த ஈச்ச ஓலையின் துணுக்கு ஒன்றும் அதில் ஒட்டியிருந்தது. அலகு நிறைய எடுத்துக்கொண்டது. கணவன் சட்டென்று உட்கார்ந்து முட்டைகளைச் சிறகால் அணைத்தது.

மேற்கே சூரியன் மரங்களை நோக்கிச் சாய்ந்தபோது அலறி பாறைக்கு வந்து சேர்ந்தது. மண்ணை வைத்தது. உடும்பு நாக்கை நீட்டியது. 

"ஈச்சம்பழ வாடை. வெயில் கண்ட மண்" என்றது உடும்பு. "உன் குரல் என்ன?"

"எடுக்க வேண்டும்! எடுக்க வேண்டும்! எடுக்க வேண்டும்!"

"ஒரு முறை போதும்" என்றது உடும்பு. "நான்குக்கு ஐந்து. பாறைகளை எடுக்கலாம்."

"முடிந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று பிளிறிவிட்டுப் பெருங்கோடன் காட்டுக்குள் போனது. கொக்கு அதன் முதுகைத் தேடி ஓடியது.

அடுத்த விடியலில் நான்கு திட்டுகளின் உயிர்களும் கலிங்கில் கூடின. மூழ்கிய திட்டுகளிலிருந்து சிதறிப்போனவையும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தன. ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "நீ புன்னைத்திட்டு நண்டுதானே? வலது கொடுக்கு எங்கே?" "நீ தாழந்திட்டு நீர்நாய் அல்லவா? இவ்வளவு மெலிந்துவிட்டாயே!" என்று கேட்டுக்கொண்டன.

பாறைகளை யாராலும் தூக்க முடியாது. அவற்றின் அடியைத் தோண்டினார்கள். நண்டுகள் வண்டலைக் கிளறின. நீர்நாய்கள் வேர்களை அறுத்தன. ஆமைகள் சேற்றைத் தள்ளின. தவளைகள் உட்கார்ந்து அந்தப் பழைய பாட்டைப் பாடின. இரண்டாம் அடி யாருக்கும் நினைவில்லை. தாழிக்கும் மறந்துபோயிருந்தது. முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். அது போதுமானதாக இருந்தது. செம்பொட்டன் தூரத்தில் நின்று பார்த்தது. இரண்டாம் நாள் மெல்ல வந்து ஓரமாகச் சேற்றைக் கொத்த ஆரம்பித்தது. யாரும் அதை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

நான்காம் நாள் முதல் பாறை சாய்ந்தது. தண்ணீர் ஓவென்று பாய்ந்து மற்றப் பாறைகளையும் புரட்டிக்கொண்டு போனது.

எட்டாம் நாள் கோடை மழை கொட்டியது. ஏரி ஏறியது. ஏறிய அளவு கலிங்கில் வழிந்தது. அலறி எண்ணிவைத்திருந்த நாளிலேயே அதன் நான்கு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் வெளியே வந்ததும் கத்தின. தாயைவிட உரக்கக் கத்தின.

பால்வண்ணன் மறுபடி வந்தது. "பார்த்தீர்களா! யானையாரின் பெருந்தன்மையால் கலிங்கு திறந்தது!" என்று அறிவித்தது. நீர்நாய் முங்கி எழுந்து அதன்மேல் தண்ணீரைத் தெளித்தது. அவ்வளவுதான் பதில்.

தாழி ஏரியின் நடுவுக்கு நீந்திப் போனது. நீர் வடிந்த இடத்தில் ஒரு பழைய நாவல் அடிமரம் தலைகாட்டியது. அதைச் சுற்றி யானை தோண்டிய பள்ளம். கால் வைக்க ஒரு பிடி தரை இல்லை. தாழி அந்த அடிமரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்தது. மற்றவர்களின் திட்டு பிழைத்தது. அதன் திட்டு பிழைக்கவில்லை.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. திரும்பிப் பார்த்தது. ஈச்சந்திட்டின் ஆமைகளும் நீர்நாய்களும் வரிசையாக நீந்தி வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கட்டிக் கறுப்பு மண். பள்ளத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மறுபடி வந்தன. அலறியும் மேலே பறந்து வந்து அலகிலிருந்ததை உதிர்த்தது.

"இது என்ன?" என்று கேட்டது தாழி.

"உன் மண்தானே அக்கா!" என்றது அலறி.

"நான் என்ன சொல்ல வேண்டும்?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். தள்ளி நில்! கண்ணில் விழப்போகிறது!"

அந்தக் கோடை முழுவதும் மண் வந்தது. அதற்கு அடுத்த கோடையும் வந்தது. அதற்கும் அடுத்த கோடையில் அடிமரத்தைச் சுற்றி ஓர் ஆமை படுக்கும் அளவுக்குத் தரை வெளியே தெரிந்தது. அதில் வெயில் விழுந்தது.

நம் காலடி மண்ணைத் தோண்டியவனே அதைத் தானமென்று அள்ளிக் கொடுக்கும்போது, கைகூப்பி நன்றி சொல்வதை விட்டுத் தோண்டுவதை நிறுத்து என்று ஒன்றாகச் சொல்பவர்களுக்கே அந்த மண் மிஞ்சும்.